கச்சான் காற்றில் தனபத்தா: திருகோணமலையில் ஒரு மூங்கில் விழா நடத்துவது எப்படி

ஜப்பானிய நட்சத்திர விழாவான தனபத்தாவுக்கு மேடையும் தேவையில்லை, அங்கிருந்து கலைஞர் எவரும் வரவும் தேவையில்லை. மூங்கில், கடதாசி, நூல் இருந்தால் போதும். வருகிறவர் ஒரு துண்டுக் கடதாசியில் தன் விருப்பத்தை எழுதி மூங்கில் கிளையில் கட்டுகிறார். மிச்சம் எல்லாம் அதைச் சுற்றிய அலங்காரம்.

லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஜப்பானியர் பகுதியான லிற்றில் டோக்கியோவில் 1934இலிருந்து நடக்கும், ஜப்பானிய அமெரிக்கர்களின் நிசேய் வாரக் கொண்டாட்டத்தோடு 2009இல் தனபத்தாவும் சேர்ந்துகொண்டது. அங்கே தொங்கும் பெரிய அலங்காரங்களைப் பாடசாலைகளும் சங்கங்களும் குடும்பங்களும் ஆளுக்கொன்றாகத் தாங்களே செய்து கொண்டுவருகின்றன. இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த ஏற்பாட்டைத்தான். ஒரு குழுவே உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்து முடித்தால் ஊருக்கு அது வெறும் கண்காட்சி. விளையாட்டுக் கழகத்துக்கு ஒன்று, மாதர் சங்கத்துக்கு ஒன்று, பாடசாலைக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தால், செய்தவர்கள் வீட்டுச் சனத்தோடு வந்து நிற்பார்கள்.

நாள் பார்ப்பது

நெசவுக்காரி ஒரிஹிமேயும் மாடு மேய்க்கும் ஹிகோபோஷியும் பால்வீதிக்கு இரு கரையிலும் பிரிந்து நின்று ஆண்டுக்கு ஒருநாள் சந்திக்கிறார்கள் என்பது கதை. நாள், ஏழாம் மாதம் ஏழாம் திகதி. ஜப்பான் 1873இல் கிரகோரியன் நாட்காட்டிக்கு மாறிய பிறகு பல இடங்களில் அது யூலை 7 ஆனது. ஆனால் அங்கே அப்போது மழைக்காலம். செண்டாய் நகரம் ஒரு மாதம் தள்ளி, ஓகஸ்ட் 6 முதல் 8 வரை கொண்டாடுகிறது.

திருகோணமலைக்கும் ஓகஸ்ட்தான் சரி. ஒரிஹிமே என்பது வேகா, நம்முடைய அபிஜித். ஹிகோபோஷி என்பது அல்டேர், நம்முடைய திருவோணம். ஓகஸ்ட் முதல் வாரத்தில் இரவு ஏழரைக்குக் கிழக்கே பார்த்து நின்றால், கடலுக்கு மேலே பாதி உயரத்தில் திருவோணமும், இடப்பக்கம் வடகிழக்கில் இன்னும் உயரமாக, அதைவிடப் பிரகாசமாக அபிஜித்தும் தெரியும். இரவு பதினொரு மணியளவில் திருவோணம் கிட்டத்தட்ட நேர் உச்சிக்கு வந்துவிடும். திருகோணமலையின் அகலாங்கும் அந்த நட்சத்திரத்தின் நிலையும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதுதான் காரணம். செண்டாயிலோ லொஸ் ஏஞ்சலிஸிலோ இது கிடைக்காது. யூலை 7இல் வைத்தால் இதற்கு நள்ளிரவு தாண்டும் வரை காத்திருக்க வேண்டும், பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள்.

பழைய சந்திரக் கணக்குப்படி தனபத்தா வளர்பிறை ஏழாம் நாள். ஓகஸ்டில் வரும் வளர்பிறை சப்தமியைப் பஞ்சாங்கத்தில் பார்த்து, அதற்கு அண்மையான சனி அல்லது ஞாயிறை எடுங்கள். போயா விடுமுறை வசதிதான், ஆனால் முழுநிலா வானத்தை வெளிறடித்துவிடும். வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள்: பள்ளிவாசல் தொழுகையும் கோயில் விரதமும் சேர்ந்து பாதி ஊரை எடுத்துக்கொள்ளும். ஆடி அமாவாசைத் தீர்த்தத்தோடு மோதாமலும் பார்க்க வேண்டும்.

இடமும் காற்றும்

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது டச்சுக்குடாக் கடற்கரை. அங்கே மூங்கில் நடாதீர்கள். ஓகஸ்டில் கச்சான் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் தரையைக் கடந்து கடலை நோக்கி அடிக்கிறது. அறுந்த ஒவ்வொரு கடதாசியும் நேரே தண்ணீருக்குள்தான் போகும். பாடசாலை அல்லது மண்டப வளவில், கட்டடத்தின் கிழக்குப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். கட்டடமே காற்றை மறிக்கும். விறாந்தை இருந்தால் பெரிய அலங்காரங்களை அதன் வளைகளில் தொங்கவிடலாம். கடற்கரைக்கு இருட்டிய பிறகு ஆட்களை மட்டும் கூட்டிக்கொண்டு போனால் போதும்.

இன்னொரு எதிரி மான். கோட்டைப் பக்கமும் நகரத்துக்குள்ளும் திரிகிற புள்ளிமான்கள் இலையையும் விடாது, கடதாசியையும் விடாது. மூங்கிலை முதல்நாள் இரவே வெளியே கிடத்திவிட்டுப் போனால் காலையில் தண்டுதான் மிஞ்சும்.

ஒலிபெருக்கி வைப்பதென்றால் பொலிஸ் அனுமதி முன்கூட்டியே எடுக்க வேண்டும். இந்த விழாவுக்கு அது அவசியமே இல்லை.

மூங்கில்

நாலு மீற்றர் உயரம், அடியில் ஐந்து ஆறு சென்ரிமீற்றர் தடிப்பு, நுனியில் கிளையும் இலையும் உள்ள பச்சை மூங்கில். இருநூறு பேருக்கு ஐந்து மூங்கில் வேண்டும். ஒரு மூங்கிலில் ஐம்பது துண்டுக்கு மேல் கட்டினால் நுனி வளைந்து தரையைத் தொடும். வீட்டு வளவில் புதராக வளர்த்திருப்பவரிடம் கேட்டு வாங்குவதே நல்லது. ஆற்றங்கரைப் புதரில் கைவைப்பதென்றால் கிராம அலுவலரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பச்சை மூங்கிலின் பெரிய சிக்கல், வெட்டிய சில மணிநேரத்திலேயே இலை சுருண்டு ஊசியாகிவிடுவது. கச்சான் இதை இன்னும் விரைவாக்கும். நிகழ்வு நாளன்று விடியமுன் வெட்டுங்கள். வெட்டியவுடன் அடியைத் தண்ணீர் வாளிக்குள் இறக்கி, இலைப் பகுதியை ஈரச் சாக்கால் போர்த்து, நிழலில் கிடத்துங்கள். இரண்டு மணிநேரத்துக்கு ஒருதரம் சாக்கை நனையுங்கள். நாலு மணிக்கு முன் வெயிலில் நிறுத்த வேண்டாம். இவ்வளவு செய்தும் இரவாகும்போது ஓரளவு சுருளத்தான் செய்யும். ஆட்கள் வரும் முதல் இரண்டு மணிநேரம் பச்சையாக நின்றால் போதும்.

நிறுத்துவதற்கு 20 லீற்றர் பெயின்ற் வாளி. நடுவில் 75 மில்லிமீற்றர் பிவிசி குழாய், 60 சென்ரிமீற்றர் நீளத்தில். சுற்றி ஈரமணலை அடுக்கடுக்காகப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் இடித்து இறுக்குங்கள். மணலோடு வாளி முப்பது கிலோவுக்கு மேல் வரும். மூங்கிலைக் குழாய்க்குள் இறக்கி, இடைவெளியில் மரச்சிராய் அடித்து ஆட்டத்தை நிறுத்துங்கள். காய்ந்த மணல் போட்டால் காற்று மூங்கிலை ஆட்ட ஆட்டக் குழாய் சாய்ந்துகொண்டே போகும். விறாந்தைத் தூணோடு ஒரு நைலோன் கயிறும் இடுப்பு உயரத்தில் கட்டிவிடுங்கள்.

எழுதும் துண்டுகள்

இவற்றுக்குத் தன்சக்கு என்று பெயர். மரபான நிறம் ஐந்து: பச்சை அல்லது நீலம், சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு. கறுப்புக்குப் பதில் இப்போது ஊதா வைப்பார்கள். ஏ4 நிறமட்டையை அகலத்தில் மூன்றாகவும் நீளத்தில் இரண்டாகவும் வெட்டினால் 7க்கு 14.8 சென்ரிமீற்றரில் ஆறு துண்டு வரும், கழிவே இல்லை. இருநூறு பேருக்கு 250 துண்டு வெட்டுங்கள். 42 தாள் போதும். சாதாரண போட்டோகொப்பித் தாள் காற்றில் துளையோடு கிழிந்துவிடும். 160 கிராம் மட்டை எடுங்கள். துளையை விளிம்பிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் உள்ளே போட்டு, 25 சென்ரிமீற்றர் பருத்தி நூலை முதலே கோத்து வையுங்கள். தங்கூசி வேண்டாம், வழுக்கி அவிழும், பிறகு பொறுக்குவதும் கஷ்டம்.

ஜப்பானியர் மேலிருந்து கீழே எழுதுவதால் ஒடுங்கிய துண்டு அவர்களுக்குப் பொருந்துகிறது. தமிழில் ‘புலமைப்பரிசில்’ என்று எழுதப் போனாலே பிள்ளை விளிம்பைத் தாண்டிவிடும். எழுத்தை ஒவ்வொன்றாகக் கீழே கீழே அடுக்கினால் கொம்பும் காலும் தனித்தனியாகப் போய் வாசிக்க முடியாது. ஒரு வரிக்கு ஒரு சொல் அல்லது இரண்டு சொல், மொத்தம் ஐந்து வரி என்று மாதிரித் துண்டு ஒன்றை எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள். பேனை நிரந்தர மார்க்கர்தான். ஜெல் பேனை வியர்வைக் கையில் பூசுப்படும்.

என்ன எழுதலாம் என்று கேட்பார்கள். ஆதியில் இது கல்வியும் கைத்தொழிலும் தேற வேண்டும் என்று கேட்கும் நாள். ஆனால் இந்த ஊரில் சிலர் திரும்பி வராத ஒருவரின் பெயரைத்தான் எழுதுவார்கள். ஆகவே எழுதியதை வாசித்துக் காட்டுவதும், அதற்குப் பரிசு கொடுப்பதும், கிட்டே போய்ப் படம் எடுப்பதும் கூடாது. இதைத் தொண்டர்களுக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

மூங்கிலில் தொங்கும் மற்றவை

செண்டாய் மரபில் அலங்காரம் ஏழு. எழுதும் துண்டு ஒன்று. கடதாசிக் கிமோனோ நோய் விலக, கொக்கு குடும்ப நலத்துக்கும் நீண்ட ஆயுளுக்கும், சுருக்குப்பை வியாபாரம் பெருக, வலை மீன்பாடு சிறக்க, குப்பைக்கூடை சுத்தத்துக்கும் சிக்கனத்துக்கும், நீண்ட நாடாக்கள் நெசவுத்திறனுக்கு. குப்பைக்கூடைக்குள் போடுவது மற்ற ஆறையும் செய்தபோது விழுந்த வெட்டுத் துண்டுகளைத்தான். நல்ல வழக்கம், மேசையடியும் சுத்தமாகும்.

இந்த ஊரில் வலையில் தொடங்குங்கள். மீன்பிடிக் கரையில் வளர்ந்த பிள்ளைக்கு அதன் பொருளை விளக்கத் தேவையில்லை, கிழித்தாலும் நட்டமில்லை.

50க்கு 70 சென்ரிமீற்றர் பட்டத்தாளை நாலாக வெட்டினால் ஒவ்வொன்றும் 25க்கு 35. அதை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மறுபடியும் அப்படியே இரண்டாக மடியுங்கள். இப்போது கையில் ஆறு சென்ரிமீற்றர் அகல நாடா. இடப்பக்க விளிம்பிலிருந்து வெட்டத் தொடங்கி, வலப்பக்கம் ஒரு சென்ரிமீற்றர் மிஞ்சும்போது நிறுத்துங்கள். ஒரு சென்ரிமீற்றர் கீழே இறங்கி, இம்முறை வலப்பக்கத்திலிருந்து வெட்டி இடப்பக்கம் ஒரு சென்ரிமீற்றர் விடுங்கள். இப்படி மாறி மாறிக் கடைசிவரை. பிறகு மேசையில் வைத்தபடியே மடிப்புகளைப் பிரித்து, மேல் விளிம்பை இரு கையாலும் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். தாள் தன் பாரத்திலேயே வலையாகத் திறந்து கீழே இறங்கும்.

பிழைப்பது மூன்று இடத்தில். ஒரே பக்கத்திலிருந்து அடுத்தடுத்து இரண்டு வெட்டு விழுந்தால் வலைக்குப் பதில் சீப்பு வரும். விளிம்பில் விடும் இடம் அரைச் சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் தூக்கும்போதே அறும். கை ஈரமாக இருந்தால் மடிப்புகள் ஒட்டிப் பிரிக்கும்போது கிழியும். மேசைக்கொரு துவாய் வையுங்கள். மின்விசிறியையும் நிறுத்திவிட வேண்டும், எவ்வளவு புழுங்கினாலும்.

கொக்குக்கு 15 சென்ரிமீற்றர் சதுரம். அதைவிடச் சிறியது தொடக்கக்காரருக்கு ஆகாது. கொக்கு கோணலாவதற்குப் பெரும்பாலும் மடிப்பு காரணமல்ல, தாள் சரியான சதுரமாக இல்லாததே. வெட்டியதை மூலைக்கு மூலை மடித்துப் பார்த்து, விளிம்பு பொருந்தாததைக் குப்பைக்கூடைக்குள் போடுங்கள்.

பெரிய பந்து

செண்டாய் வீதிகளில் நாடாக்களுக்கு மேலே பூப்பந்து ஒன்று இருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சேர்ந்த வடிவம் அது. வெசாக் கூடு கட்டத் தெரிந்தவர் எவரும் இதைக் கட்டிவிடுவார். பட்டத்தாளையும் வெசாக் முடிந்த கையோடு கடைகளில் மிஞ்சியதிலிருந்து வாங்கி வையுங்கள். ஓகஸ்டில் வேண்டிய நிறம் கிடைக்காது.

40 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பந்துக்கு 132 சென்ரிமீற்றர் நீள மூங்கில் பிளாச்சு நாலு. பிளாச்சை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, ஆறு சென்ரிமீற்றர் ஒன்றன்மேல் ஒன்று ஏற வளைத்துக் கட்டுக்கம்பியால் கட்டுங்கள். ஊறாத பிளாச்சு வளைக்கும்போதே வெடிக்கும். மூன்று வளையத்தை ஒன்றையொன்று குறுக்காக வெட்டும்படி பொருத்தினால் பந்து. நாலாவது வளையம் கீழே, நாடா தொங்குவதற்கு.

பூவுக்கு 12க்கு 18 சென்ரிமீற்றரில் ஆறு தாள் அடுக்கி, விசிறி மடிப்பாக மடித்து, நடுவில் கம்பியால் கட்டி, ஒவ்வொரு தாளாக மேலே இழுத்து விரியுங்கள். பந்து ஒன்றுக்கு எண்பது பூ, அதாவது நாற்பது பட்டத்தாள். இதைக் கேட்டு மலைக்கத் தேவையில்லை, பத்துப் பேர் ஒரு பின்னேரத்தில் முடித்துவிடுவார்கள். பூவை வளையத்தில் மட்டும் கட்டினால் இடையில் ஓட்டை தெரியும். முதலில் பந்து முழுவதையும் நூலால் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிவிட்டுக் கட்டுங்கள்.

நாடா நாலு சென்ரிமீற்றர் அகலம், முப்பது எண்ணம். 70 சென்ரிமீற்றர் துண்டு இரண்டை மூன்று சென்ரிமீற்றர் ஏற ஒட்டினால் 137 வரும், அதுவே போதிய நீளம். கீழே போகப் போக ஒன்றோடொன்று ஒட்டவேண்டாம். தனித்தனியாக விட்டால்தான் காற்று ஊடே போகும். கிழிவது எப்போதும் வளையத்தில் மடியும் இடத்தில். அங்கே நாடாவை மடித்துச் செலோரேப்பை இரு பக்கமும் சுற்றி ஒட்டுங்கள். கிறேப் கடதாசி பலமானது, ஆனால் ஈரம் பட்டால் சாயம் கசிந்து வெள்ளைச் சட்டையில் இறங்கும். நாடாவின் கீழ்முனை ஆள் தோள் உயரத்தில் இருக்கட்டும், ஊடே நடந்து போவதில்தான் சுகம். அதனால் பக்கத்தில் குத்துவிளக்கோ மெழுகுதிரியோ வேண்டாம். பற்றரி விளக்கு மட்டும்.

சாப்பாடு

அன்று ஜப்பானில் சோமென் என்ற மெல்லிய கோதுமை நூடில்ஸைக் குளிரவைத்துச் சாறில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். சாறின் அடிப்படை புகையூட்டி உலர்த்திய சூரை. நம்முடைய மாசியும் அதே மீனிலிருந்து வருவதால் சுவை கிட்டப் போகும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 25 கிராம் மாசி. முதலில் மாசியைக் கழுவி உப்பைக் குறைத்து, இடித்துப் போட்டுப் பத்து நிமிடம் சிறுதீயில் விட்டு, துணியில் வடியுங்கள். 150 மில்லிலீற்றர் சோயா சோஸ், நாலு மேசைக்கரண்டி சீனி சேர்த்து ஒரு கொதி. ஆளுக்கு 40 மில்லிலீற்றர் கணக்கில் இது முப்பது பேருக்கு வரும். சோயா சோஸின் லேபிளைப் பாருங்கள். சிலவற்றில் மதுசாரம் சேர்ந்திருக்கும், முஸ்லிம் வீட்டார் கட்டாயம் கேட்பார்கள். சைவக்காரருக்கு உலர்ந்த காளானில் வேறொரு பானை, வேறொரு அகப்பை.

நூடில்ஸ் ஆளுக்கு 30 கிராம். இரண்டு நிமிடம் அவித்து, குளிர்ந்த தண்ணீரில் கையால் அலசி அலசி மாப்பசையை நீக்குங்கள். அலசாவிட்டால் பத்து நிமிடத்தில் ஒரே கட்டியாகிவிடும். அவிப்பதைக் கூட்டம் வந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள்.

அழைப்பு

ஜப்பான் என்றதும் வயதானவர்கள் 1942 ஏப்ரல் 9ஐச் சொல்வார்கள்: துறைமுகத்தில் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டதும், சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரிந்ததும். அதை மழுப்பத் தேவையில்லை. 1951 செப்ரெம்பரில் இன்னொரு அமெரிக்க நகரமான சான் பிரான்சிஸ்கோவில் நடந்த சமாதான மாநாட்டில் இலங்கையின் சார்பில் ஜே. ஆர். ஜெயவர்தன பேசி, ஜப்பானிடம் நட்டஈடு கேட்பதில்லை என்று அறிவித்ததையும் சேர்த்துச் சொல்லலாம். அழைப்பிதழில் இரண்டையும் இரண்டு வரியில் போட்டால், வாசலில் நின்று விளக்கும் வேலை மிச்சம்.

நேரம் பின்னேரம் நாலு மணி. முதல் ஒன்றரை மணிநேரம் வலையும் கொக்கும், பிறகு எழுதிக் கட்டுவது, ஆறரைக்குப் பொழுதுபட்டதும் சாப்பாடு, ஏழேகாலுக்குக் கடற்கரை. நட்சத்திரம் காட்ட ஒருவர் போதும். பால்வீதி நகர வெளிச்சத்தில் தெரியாது என்பதை அவர் முதலே சொல்லிவிட வேண்டும்.

பிறகு

முன்பு ஜப்பானில் மூங்கிலை ஆற்றிலோ கடலிலோ விடுவார்கள். இங்கே அது வேண்டாம். அன்றிரவே துண்டுகளை அறுத்துச் சாக்கில் கட்டி, அடுத்தநாள் காற்றில்லாத காலையில் தகரப் பீப்பாவுக்குள் எரியுங்கள். செலோரேப் ஒட்டிய நாடாவைப் பிரித்துக் குப்பைக்கு. பந்துச் சட்டங்களைப் பூ கழற்றிக் கூரை வளையில் தொங்கவிடலாம், தரையில் வைத்தால் கறையான். மூங்கில் தண்டு காய்ந்ததும் பந்தலுக்கு உதவும். மணல் வாளிகளை மட்டும் கவிழ்த்துவிடுங்கள், ஐப்பசி மழைக்குத் தண்ணீர் நின்றால் நுளம்பு.